டிம் இல்லாத லைட்

அந்தக் கார் லைட்டை முதன்முதல் எரியவைத்தபோது எதிர்வீட்டுச் சுவரில் இருந்த வெடிப்பெல்லாம் தெரிந்தது. அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பொழுது முழுதாகச் சாய்ந்திருக்கவில்லை. அப்படியிருந்தும் சுண்ணாம்பு பூசிய அந்தச் சுவர் நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று எழும்பி நின்றது. மதிலில் படுத்திருந்த பூனை குதித்தோடியது. உள்ளே இருந்த எதிர்வீட்டு ஹாஜியார், “ஆரடா அது? கண்ணக் குத்துதுடா, நாசமத்துப் போவானே!” என்று கத்தினார். நான் பதறிப்போய் சுவிச்சுக்குக் கையை நீட்டினேன். அப்போது குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து என் மாமியின் குரல் வந்தது. “புள்ள, ஓப் பண்ண வேணாமெண்டு சொல்லு. நல்லாத்தான் இரிக்கி.”

“புள்ள” என்றது என் மனைவியை. மனைவி அங்கே இல்லை, கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். மாமிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. சொல்ல வேண்டியது என் காதில் விழ வேண்டும், ஆனால் எனக்குச் சொன்னதாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

வெளியூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் கரையோர ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் அதே வளவில் பின்பக்கமாக ஒரு சாய்ப்புப் பத்தியை இறக்கிக்கொண்டு குடியிருப்பார்கள். மருமகன் முன்வாசலால் வந்தால் மாமி பின்வாசலால் போவார். நேருக்கு நேர் நின்று கதைப்பது மரியாதை இல்லை. இந்த வழக்கத்தை அநேகம் வீடுகளில் தளர்த்திவிட்டார்கள். என் மாமி தளர்த்தவில்லை. மகளிடம் சொல்வார், அவள் இல்லாவிட்டால் கோழியிடம் சொல்வார், கோழியும் இல்லாவிட்டால் சட்டியிடம் சொல்வார். “மீன்ல உப்புக் கூடினா வாயத் துறந்து சொல்றதுக்கென்ன? மூஞ்ச தூக்கி வச்சிட்டுப் போனா ஆருக்கு விளங்கும்?” என்று ஒருநாள் அம்மியைப் பார்த்து ஏசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாமி என்னோடு கதைத்ததில்லையே தவிர, என் காதில் விழாமல் ஒன்றையும் கதைத்ததில்லை.

நான் வாகன வயரிங் செய்கிறவன். கல்முனையில் சின்னதாக ஒரு கராஜ். பற்றரி, டைனமோ, ஹோன், லைட் எல்லாம் என் வேலை. எஞ்சினில் கைவைக்க மாட்டேன், வைக்கிறவர்களையும் பெரிதாக மதிக்க மாட்டேன். எஞ்சின்காரன் சத்தத்தைக் கேட்டுக் குறையைப் பிடிப்பான். வயரிங்காரனுக்குச் சத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்கேயோ ஒரு மூலையில் ஒரு நூல் அறுந்திருக்கும். அதைத் தேடி நாள் முழுக்கக் குப்புறக் கிடக்க வேண்டும்.

மாமாவிடம், அதாவது என் மனைவியின் வாப்பாவிடம், ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. நம்பர் தகட்டில் நடுவில் ஸ்ரீ போட்ட காலத்துக் கார். அவர் அதை வாடகை ஹயருக்கு ஓடினார். கலியாணம், ஜனாஸா, ஆஸ்பத்திரி, மக்கத்துக்குப் போகிறவர்களை வழியனுப்புவது, எல்லாம் அந்தக் காரில்தான். ஊரில் பாதிப்பேர் பிறந்து முதல் ஏறிய வாகனம் அதுதான் என்று மாமி சொல்வார். அது கொஞ்சம் கூடத்தான், ஆனால் பொய்யில்லை.

கடல் வந்த அன்று காலையில் மாமா காரைக் கழுவி வளவில் நிறுத்திவிட்டு, மீன் வாங்கவென்று கரைக்குப் போயிருந்தார். மாமியும் மனைவியும் சவளக்கடைப் பக்கம் இருந்த எங்கள் வயலில் புல்லுப் பிடுங்கப் போயிருந்தார்கள். நான் கராஜில். அந்த நாளைப் பற்றி எழுத ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் எழுத வரவில்லை. காரைத்தான் முதலில் கண்டுபிடித்தோம். ஒரு பள்ளிக்கூட மதிலில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. உள்ளே கண்ணாடி மட்டத்துக்கு மண். பின் சீட்டில் யாருடையதோ வலை. மாமாவைப் பிறகுதான் கண்டார்கள். கண்டவர்கள் அவரைப் பலரோடு சேர்த்து அடக்கிவிட்டார்கள். சாரனின் கரையைப் பார்த்து ஒருவர் அடையாளம் சொன்னார். அந்தப் பெரிய கபுறில் எந்தப் பக்கம் அவர் என்று யாருக்கும் தெரியாது.

மாமி உறவுக்காரர் வீட்டின் ஒரு அறையில் இத்தா இருந்தார். புருஷனை இழந்தவள் வெளியாட்களைக் காணாமல் இருக்க வேண்டிய அந்த மாதங்கள் முடிந்து வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “புள்ள, காரக் கொண்டுவந்து எங்க போட்டிரிக்காங்க?” என்பதுதான். மாமியின் காக்கா, அவருடைய மூத்த சகோதரர், அங்கே இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் தானே முடிவு சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவர். “அத இனி என்னத்துக்குப் பாத்துப் பாத்து அழப்போறாய்? பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுத்திரு” என்றார். மாமி சொன்னார்: “தூக்கிக் குடுக்க அது மையத்தில்ல காக்கா. கார். நான் அழுறதுக்குக் கேக்கல்ல. ஓடுறதுக்குக் கேட்டன்.”

யார் ஓடுவது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடல் கொண்டுபோன வீட்டை மறுபடி கட்டி முடிந்து, கராஜில் வேலை குறைந்த நேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாகக் காரைத் திருத்தினேன். எஞ்சினுக்கு வேறொருவர் வந்தார். வயரிங் முழுக்கப் புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. கடல் தண்ணீர் போன இடத்தில் உப்பு உட்கார்ந்தால் செம்புக் கம்பி பச்சையாகிப் பொடிந்துபோகும். கையில் எடுத்தால் உதிரும். வெட்டி எறிந்தது ஒரு சாக்கு நிறைய. ஹெட்லைட்டின் கிண்ணத்துக்குள் இருந்த வெள்ளிப் பூச்சும் செதில் செதிலாகக் கழன்றிருந்தது. எரியவைத்தால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும். எதிரே வருவது மாடா மனிசனா என்று அந்த வெளிச்சத்தில் பார்த்து அறிய முடியாது, கூப்பிட்டுக் கேட்டுத்தான் அறியலாம். அப்போது அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மஃரிபுக்குப் பிறகு எந்த விசரன் ரோட்டில் வாகனம் எடுக்கப் போகிறான்?

பிறகு யுத்தம் முடிந்துவிட்டது என்று றேடியோவில் சொன்னார்கள். ஊரில் சிலர் வெடி கொளுத்தினார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாமி குசினிக்குள்ளிருந்து கேட்டார்: “புள்ள, அப்ப இனி இருட்டின மறுகாலும் ரோட்டில போகலாமா எண்டு கேளு.” நான் ஓம் என்றேன். “அப்ப அந்தக் காருக்கு நல்ல லைட்டாப் போடச் சொல்லு. நான்தான் ஓடப்போறன்.”

மாமா உயிரோடு இருந்த காலத்திலேயே வயல் பாதைகளில் வைத்து மாமிக்குக் கார் ஓடப் பழக்கியிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. மாமி அம்பாறைக்குப் போய் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். காக்கா வீட்டுக்கு வந்து குதியோ குதியென்று குதித்தார். “பொம்பிளப் புள்ள, அதுவும் புருஷன் மௌத்தானவ, காரக் கிளப்பிட்டுத் திரிஞ்சா ஊர் என்னடி சொல்லும்?” என்றார். மாமி அடுப்பை ஊதிக்கொண்டே, “சொல்லட்டும் காக்கா. ஊருக்குச் சொல்ல ஒண்டுமில்லாட்டி ஊர் மௌத்தாப் போயிரும்” என்றார். காக்கா தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனார். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய கோபம் கிடையாது.

அந்தப் பழைய காருக்கு ஒறிஜினல் லைட் எங்கே கிடைக்கும்? கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போன ஒரு கூட்டாளி, வட்டக் கண்ணாடி லைட் இரண்டும், அதற்குள் போட செனன் பல்ப் ஒரு சோடியும் கொண்டுவந்து தந்தான். அந்த நேரத்தில் செனன் என்றால் பெரிய பவுசு. வெளியில் இருந்து வந்த புதுக் கார்களில்தான் பார்த்திருந்தோம். பல்ப்புக்குள் இழை கிடையாது. ஒரு வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரியும். பற்றரியின் மின்சாரத்தைப் பலமடங்காக்கிக் கொடுக்க ஒரு குட்டிப் பெட்டி வரும். அதில்தான் சிக்கல். மற்ற எல்லா வாகனத்திலும் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் காரின் உடம்போடு பூட்டுவோம். அந்தக் காலத்து இங்கிலீஷ் காரில் பொசிட்டிவ்வைப் பூட்டியிருப்பார்கள், எல்லாம் தலைகீழ். அது தெரியாமல் செனனைக் கொடுத்தால் குட்டிப் பெட்டி கண்ணிமைக்குமுன் கருகிவிடும். நான் பற்றரியைத் திருப்பி, டைனமோவைக் கழற்றி, ஒரு ஜப்பான் வேனின் ஒல்டனேட்டரை வைத்து, எல்லாவற்றையும் நேராக்கிக்கொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “புள்ள, இந்தக் காருக்கு எல்லாம் மாறித்தான் கிடக்கும் எண்டு உன்ட வாப்பா சொல்லுவாரு. தெரியுமா எண்டு கேளு.” எனக்குச் சுள்ளென்று வந்தது. “தெரியும் எண்டு சொல்லுங்க! இருபக்கமும் எனக்குத்தான் தெரியும் எண்டு சொல்லுங்க!” என்றேன், நானும் கோழியைப் பார்த்து.

ஆனால் இன்னொரு விஷயத்தை நான் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. கூட்டாளி கொண்டுவந்தது மலிவுச் சாமான். அதில் ஒரே வெளிச்சம்தான். தூரத்துக்கு அடிக்கும் ஹை மட்டும் உண்டு. எதிரே வருகிறவரின் கண்ணைக் குத்தாமல் தாழ்த்துகிற டிம் இல்லை. எரித்தால் முழுசாக எரியும், இல்லாவிட்டால் அணையும். இதை மனைவியிடம் சொன்னேன், அவள் போய்ச் சொன்னாள். “டிம் வேணாமெண்டு சொல்லு” என்று குசினியில் இருந்து வந்தது.

டிம் இல்லாமல் எப்படி? யுத்த காலம் முழுக்க எங்கள் பக்கத்துச் சாரதிகளின் கால் பழகிய வேலை அதுதான். செக்பொயின்ட் கண்ணில் பட்டால் லைட்டை டிம் பண்ண வேண்டும், காருக்குள் இருக்கும் சின்ன லைட்டைப் போட வேண்டும், ஆமை மாதிரி ஊர்ந்து போக வேண்டும். உன் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவர்கள் முகம் உனக்குத் தெரியக்கூடாது. சீருடை போட்டவன் நின்றாலும் சரி, சீருடை போடாத மற்றப் பக்கத்துத் துவக்குக்காரன் நின்றாலும் சரி, சட்டம் ஒன்றுதான். யுத்தம் முடிந்த பிறகும் வயலுக்குப் போகும் வழியில் இருந்த செக்பொயின்ட்டை எடுக்கவில்லை. நான் காருக்கு அடியில் குப்புறக் கிடந்தபடியே இதையெல்லாம் சத்தமாகச் சொன்னேன். அப்போதுதான் மாமி அந்தக் கதையைச் சொன்னார், மகளுக்குச் சொல்வதுபோல, எனக்கு.

“நீ அப்ப சின்னப் புள்ள. நானும் வாப்பாவும் வயலில இருந்து நெல்லு மூட்டையோட வாறம். மஃரிபு நேரம். அந்தக் காருக்கு டிம் சுவிச்சு கீழ, இடது காலுக்குள்ள. வயல் சேறு போய் இறுகிட்டு. உன்ட வாப்பா மிதிக்கிறாரு, மிதிக்கிறாரு, டிம் விழல்ல. லைட்டு நேரா அந்தச் செக்பொயின்ட்ல நிண்ட ஆமிக்காரன்ட மூஞ்சில. வந்தான். எறக்கினான். எஞ்சின நிப்பாட்டச் சொன்னான். லைட்ட நிப்பாட்ட விடல்ல. காருக்கு முன்னால, அந்த வெளிச்சத்துக்குள்ள, முழங்கால்ல நிக்கச் சொன்னான். கண்ண மூடக்கூடாதாம். லைட்டப் பாத்துட்டே நிக்கணுமாம். என்ன எறங்க விடல்ல. கண்ணாடிக்கு இஞ்சால இருந்து பாத்துட்டிருந்தன். பற்றரி எறங்கி எறங்கி, வெளிச்சம் மஞ்சளாப் போய், சிவப்பாப் போய், ஒண்டுமில்லாமப் போகுமட்டும் அந்த மனிசன் அப்படியே நிண்டாரு. மறுகா போகச் சொன்னான். பற்றரி இல்லாம எப்படி ஸ்டார்ட் பண்ற? ரெண்டு பேருமாத் தள்ளித்தான் கிளப்பினம்.”

என் மனைவி “உம்மா…” என்றாள். நான் காரின் அடியில் குறட்டைப் பிடித்தபடி கிடந்தேன். மாமா ஒரு நாளும் ஹை போட்டு ஓடியதை நான் பார்த்ததில்லை. வெறும் ரோட்டிலும் டிம்மில்தான் போவார். பற்றரியை மிச்சம் பிடிக்கிறார் என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன், அவரும் சிரித்திருக்கிறார். அந்த மனிதர் அவ்வளவு காலமும் எதைச் சுமந்துகொண்டு சிரித்தார் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆத்திரத்தில் நட்டை இறுக்கி இறுக்கி அதன் புரியே போய்விட்டது.

“அந்த ரோட்டால, அந்தக் காரில, நான் போகணும்” என்றார் மாமி. “டிம் பண்ணாமப் போகணும். சொல்லு.”

அப்படியே பூட்டினேன். அன்றுதான் எதிர்வீட்டுச் சுவர் வெடிப்பெல்லாம் தெரிந்தது.

சிறுபோக வெள்ளாண்மை வெட்டி முடிந்த நேரம், வயலில் இருந்து நெல் கொண்டுவர மாமி புறப்பட்டார். நான் முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில். அவர் முகத்தின் என் பக்கத்தைத் தலையில் போட்ட முந்தானையால் மறைத்திருந்தார். பின் சீட்டில் என் மனைவி, தபால்காரிபோல. “புள்ள, கியர் சத்தம் போடுதே, இது சரியா எண்டு கேளு” என்பார் மாமி. அவள், “கியர் சத்தம் போடுதாம்” என்பாள். நான், “கிளச்ச முழுசா மிதிக்கச் சொல்லுங்க” என்பேன். ஒரு முழத் தூரத்தில் இருந்துகொண்டு இந்தக் கூத்து. போகும்போது பகல், ஒரு தொல்லையும் இல்லை. நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பொழுது கறுத்துவிட்டது. மாமி லைட்டைப் போட்டார். இருபக்கமும் தண்ணீர் நிற்கும் அந்த ஒடுங்கிய ரோட்டில் புல், கல், தூரத்து மைல்கட்டை எல்லாம் வெள்ளையாக வந்து நின்றன. மாமி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எதிரே ஒரு சைக்கிள் வந்தது. நான் பார்த்தேன், மாமியும் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார். ஆனால் வெளிச்சத்தைக் குறைக்க அந்தக் காரில் வழியே இல்லை. சைக்கிள்காரர் ஒரு கையால் கண்ணை மறைத்தார். அந்த ஒற்றைக் கையில் சைக்கிள் ஆடியது. ரோட்டோரச் சரிவில் இறங்கிச் சேற்றில் விழுந்தார். மாமி பிறேக் பிடித்தார்.

அவர் எழும்பி மேலே வந்தார். கண் தெரியவில்லை. நேராக லைட்டுக்கு முன்னாலேயே வந்து, கால் தடக்கி, முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் நிலத்தைத் தடவினார். சேறு பூசிய முகம். இமைகளைத் திறக்க முடியாமல் சுருக்கிக்கொண்டு, அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள், எங்கள் காரின் மூக்குக்கு நேரே முழங்காலில் நின்றார்.

மாமி லைட்டை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து, செருப்பு ஒரு பக்கம் போக ஓடினார்.

“ஆருகா இது! மனிசரக் கொல்லவா வாறீங்க? ஒண்டும் தெரியல்ல, கண்ணெல்லாம் வெள்ளையாக் கிடக்கு!” என்று அவர் கத்தினார். பக்கத்துக் கிராமத்துத் தமிழ் ஆள், வயலில் இருந்து வீட்டுக்குப் போகிறவர்.

“என்ட வாப்பா, அடி பட்டதா? எழும்புங்க, முதல்ல எழும்புங்க, முழங்கால்ல நிக்காதீங்க” என்று மாமி அவரைத் தோளில் பிடித்துத் தூக்கினார். வேற்று ஆணைத் தொடுகிற பெண்ணில்லை அவர். தூக்கி நிறுத்தி, தன் முந்தானையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தார். அந்த மனிதர் திகைத்துப்போனார். கண் தெளிந்து பார்த்து, “அட, உம்மாவா ஓட்டுற?” என்றார். கோபம் கொஞ்சம் இறங்கியது. “ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. அந்த லைட்டத்தான் உடைச்சு எறியணும்.” நான் இறங்கி சைக்கிளைத் தூக்கி, வளைந்த ஹாண்டிலை நேராக்கிக் கொடுத்தேன். மாமி அவரிடம் மன்னிப்புக் கேட்டார், ஒருமுறை இல்லை, அவர் போதும் போதும் என்று சொல்லும்வரை. அவர் இருட்டில் மிதித்துப் போனதும் மாமி ரோட்டு நடுவில் நின்று அழுதார். கலியாணம் முடித்த நாளில் இருந்து நான் அவர் அழுததைக் கண்டதில்லை.

பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, “மருமகன்” என்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் மனைவியும் என்னைப் பார்த்தாள்.

“உங்களத்தான். இதுக்கு டிம் வேணும். நாளைக்கே வேணும்.”

“டிம் இல்லையெண்டு நான் அண்டைக்கே…”

“சொன்னீங்கதான். அவனுகளுக்கு எண்டுதான் நான் நினைச்சன். இந்த ரோட்டில மற்ற மனிசரும் வாறாங்க. அத நான் நினைக்கல்ல.”

காரில் ஏறினோம். செக்பொயின்ட் கொஞ்சத் தூரத்தில் இருந்தது. மாமி மறுபடியும் லைட்டைப் போட்டதும் மனைவி பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்தாள். “உம்மா, இப்பதானே ஒரு மனிசன் விழுந்தான். ஓப் பண்ணிட்டு மெதுவாப் போவம் உம்மா.”

“ரோட்டில இனி ஆரும் வந்தா ஓப் பண்ணுவன். சைக்கிள் வந்தா ஓப் பண்ணுவன், மாடு வந்தாலும் ஓப் பண்ணுவன். அந்த இடத்துக்குப் பண்ண மாட்டன்.”

யுத்தம் முடிந்தது கடதாசியில்தான். துவக்கு துவக்காகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர் அணைத்திருந்தால் எனக்கு வயிறெரிந்திருக்கும்.

மணல் மூட்டை அடுக்கின்மீது வெளிச்சம் விழுந்தது. மூட்டைக்குப் பின்னால் ஒருவன் துவக்கைத் தூக்கினான். இன்னொருவன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, லைட்டைக் குறைக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். மாமி காரை ஊர்ந்து கொண்டுபோய்ச் சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார். உள் லைட்டைப் போட்டார். முந்தானையை முகத்தில் இருந்து எடுத்துவிட்டார். வெளி லைட் எரிந்தபடியே இருந்தது.

கத்தியவன் பக்கவாட்டில் சுற்றி ஜன்னலடிக்கு வந்தான். மீசை சரியாக முளைக்காத முகம். ஸ்டியரிங்கில் ஒரு வயதான பெண்ணைக் கண்டதும் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குச் சிங்களம் கராஜில் பழகியது, சண்டை பிடிக்கவும் சாமான் கேட்கவும் போதும். டிம் இல்லை என்றேன். அவன் குனிந்து லைட்டைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. செனனா, எங்கே வாங்கியது என்று கேட்டான். ஊரில் தன் அப்பாவிடமும் இதே மாதிரிப் பழைய கார் ஒன்று கிடக்கிறதாம், அதற்கும் இது பூட்டலாமா என்றான். அதன் பொசிட்டிவ் எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன்.

“என்ன சொல்றான்?” என்றார் மாமி.

சொன்னேன். அவன் ஏசியிருந்தால்கூட மாமிக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. “மருமகன், நான் சொல்றத அப்படியே இவருக்குச் சொல்லுங்க. ஒண்டும் விடக்கூடாது.”

ஒன்றையும் விடவில்லை. இந்த இடம். இந்தக் கார். என் புருஷன். அவரை லைட்டுக்கு முன்னால் முழங்காலில் வைத்தீர்கள். எஞ்சினை நிறுத்தச் சொன்னீர்கள், லைட்டை நிறுத்த விடவில்லை. பற்றரி சாகும்வரை கண்ணை மூட விடவில்லை. நான் இந்தச் சீட்டில் இருந்து பார்த்தேன். கராஜ் சிங்களத்தில் இதற்கெல்லாம் சொல் கிடையாது. தேடித் தேடிச் சொன்னேன். முழங்கால் என்பதற்குச் சொல் வராமல் என் முழங்காலைத் தட்டிக் காட்டினேன். மூட்டைக்குப் பின்னால் நின்றவனும் துவக்கைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

பெடியன், தான் அப்போது இங்கே இல்லை என்றான். கைக்குழந்தையாக இருந்திருப்பேன் என்றான். எனக்குத் தெரியாது அம்மா என்றான். அந்தக் கடைசி வார்த்தையை மாமிக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இப்பத் தெரியும்தானே” என்றார் மாமி. நான் அதையும் சொன்னேன்.

தடைக் கம்பைத் தூக்க அவன் காருக்கு முன்னால் நடந்துபோக வேண்டியிருந்தது. முழு வெளிச்சத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். தாய் பெற்ற பிள்ளைதான், எனக்கு இரக்கமாக இருந்தது. மாமி அணைக்கவில்லை. அவன் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற பிறகு கியரைப் போட்டார். கியர் சத்தம் போடவில்லை.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்திவிட்டு அவர் பின்வாசலால் குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் குரல் கேட்டது: “புள்ள, அவருக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு.” அதன் பிறகு மௌத்தாகும்வரை அவர் என்னோடு நேராகக் கதைக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்குத் தேவைப்பட்டது, கதைத்தார்.

அடுத்த கிழமையே, ஹையும் டிம்மும் உள்ள நல்ல சோடி ஒன்றை எடுப்பித்துப் பூட்டினேன். ஊரில் யாருக்கும் இல்லாத ஒழுங்கோடு மாமி டிம் பண்ணினார். ஆட்டுக்குட்டிக்கும் டிம் பண்ணுவார். பிறகு செக்பொயின்ட்டை எடுத்து, மணல் மூட்டைகளை அள்ளி, ரோட்டை அகட்டித் தார்க் கார்பெட் போட்டார்கள். மாமி கண் மங்கும்வரை அந்த ரோட்டில் ஓடினார். காக்காவும் கடைசியில் அந்தக் காரில்தான் கிளினிக்குக்குப் போய்வந்தார், பின் சீட்டில், வாயை மூடிக்கொண்டு.

இப்போது என் கராஜுக்கு வருகிற பெடியன்கள் கண்ணைப் பறிக்கிற எல்ஈடி பூட்டச் சொல்கிறார்கள். எதிரே வருகிறவனுக்குக் கண் தெரியாமல் போனால் அவர்களுக்குச் சந்தோஷம். டிம் வேலை செய்யாமல் யாருக்கும் நான் வாகனத்தை வெளியே விடுவதில்லை. சண்டை பிடிப்பார்கள், பிடிக்கட்டும். போன மாதம் ஒருவனுக்கு ஏன் என்று இந்தக் கதையைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பக்கத்தில் பற்றரி சார்ஜுக்குக் காத்திருந்த, என் வயதுக்காரர் ஒருவர்தான், “அதெல்லாம் முடிஞ்ச கதை, இனி என்னத்துக்குக் கிளறுறீங்க?” என்றார். நான் குறட்டைக் கீழே வைத்தேன். முடிந்தது என்று சொல்ல உரிமை இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் அந்த வெளிச்சத்துக்குள் நின்றவர், மற்றவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தவர். இரண்டு பேரும் மௌத்தாகிவிட்டார்கள். இரண்டு பேரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போகவில்லை.